யாவ் மிங்குக்குப் பிறகு சீனாவில் பாஸ்கெட்பால்: வளர்ச்சியா, வீக்கமா?

பெஞ்ச்_பிளேயர்:
அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002இல் முதல் ஆளாகச் சீன வீரர் யாவ் மிங்கை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் எடுத்தது. அதற்கு முந்தைய வருடமே இன்னொரு சீனர் வாங் ஷிஷி டல்லாஸ் அணிக்கு ஆடிவிட்டார். இன்றைக்கு அமெரிக்காவுக்கு வெளியே என்பிஏவின் பெரிய சந்தை சீனாதான். சரி, ஆண்கள் அணி எங்கே இருக்கிறது? 2019 உலகக் கோப்பையைச் சொந்த மண்ணில் நடத்தினார்கள். போலந்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் ஒரு புள்ளி முன்னிலை. கோட்டுக்கு வெளியே நின்று சீன வீரர் சௌ சீ உள்ளே போட்ட பந்தைப் போலந்து வீரர் பறித்துக்கொண்டு போனார். கூடுதல் நேரத்தில் தோல்வி. 2023இல் 32 அணிகளில் 29ஆவது இடம். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் அணி இல்லை. என் கணக்கில் இது வீக்கம்.

மதுரை_சென்டர்:
ப்ரோ, யாவ் மிங்கிலிருந்து கணக்கை ஆரம்பித்தால் அப்படித்தான் தெரியும். 1895இலேயே ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் தியான்ஜினில் கூடையைக் கட்டிவிட்டார்கள். செஞ்சேனை முகாம்களில் வீரர்களே ஆடிய ஆட்டம் என்பதால் மாவோ காலத்திலும் அதை யாரும் தடை செய்யவில்லை. குய்சோ மாகாணத்தில் தாய்பான் என்றொரு மலைக் கிராமம். மியாவ் மக்கள் புது அரிசிச் சாப்பாட்டுத் திருவிழாவுக்கு வருடா வருடம் போட்டி வைப்பார்கள். முதல் பரிசு மாடு, அப்புறம் ஆடு. டிக்கெட் கிடையாது, இடைவேளையில் ஊர்ப்பாட்டும் ஆட்டமும். 2022 கோடையில் அந்த வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவி, 'சுன் பிஏ', அதாவது கிராமத்து என்பிஏ என்று பெயரே வந்துவிட்டது. ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்து ஹூஸ்டன் அணி மேலாளர் போட்ட ஒரு ட்வீட்டுக்காக 2019இல் அரசு டிவி என்பிஏ ஒளிபரப்பை நிறுத்தியபோதும் இந்த ஊர்க்காரர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். இதுவா வீக்கம்?

பெஞ்ச்_பிளேயர்:
திருவிழா அருமைதான், நம் ஊர்ப் பொங்கல் கபடி மாதிரி. ஆனால் அதிலிருந்து ஒரு பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவன், வருவானா? என்பிஏவுக்குப் போன சீனர்களைப் பாருங்கள். யாவ் 2.29 மீட்டர். வாங் ஷிஷி, பாத்தேர், யீ ஜியான்லியான், சௌ சீ, 2025இல் போர்ட்லாந்து அணிக்குப் போன யாங் ஹான்சென், எல்லோருமே நெட்டைகள். கார்டு என்று போன சுன் யூவும் இரண்டு மீட்டருக்கு மேல்! விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கும்போதே மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, பிள்ளை எவ்வளவு வளரும் என்று கணக்குப் போடுகிறார்கள். உயரத்தைத் தேடினால் உயரம்தான் கிடைக்கும். சீனாவின் சொந்த லீக்கான சிபிஏவிலோ கடைசி நிமிடங்களில் பந்து வெளிநாட்டு கார்டு கையில். அமெரிக்க கார்டு மார்பரி பெய்ஜிங் அணிக்கு மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்தார், சிலையே வைத்தார்கள். உள்ளூர்ப் பையன் எப்போது கற்றுக்கொள்வான்?

ரீபவுண்ட்_ராணி:
இருவரும் பாதிச் சீனாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். பெண்கள் அணி 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி, 2022 உலகக் கோப்பையில் வெள்ளி, 2023இல் ஜப்பானை வென்று ஆசியக் கோப்பை. அதே பள்ளிகள், அதே எக்ஸ்ரே. 2022 அரையிறுதியில் சிட்னியில் வைத்தே ஆஸ்திரேலியாவை 61-59 என்று சாய்த்தார்கள். கடைசி நொடிகளில், எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு முடித்தவர் வாங் சியூ. அவர் ஒரு கார்டு.

பெஞ்ச்_பிளேயர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலக அளவில் பெண்கள் போட்டியில் பலமான அணிகள் குறைவு.

ரீபவுண்ட்_ராணி:
ஆண்கள் தோற்றால் அமைப்பின் குறை, பெண்கள் ஜெயித்தால் போட்டி குறைவு. நல்ல கணக்கு.

சும்மா_பார்ப்பவன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2014இல் வூஹானில் ஆசியக் கோப்பையில் நம் இந்திய அணியே இவர்களை 65-58 என்று வீட்டுக்குள் போய் அடித்தது. அது ஞாபகம் இருக்கிறதா?

மதுரை_சென்டர்:
இருக்கிறது, அன்றைக்கு நானும் குதித்தேன். அதே சீனா 2025 ஆசியக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது, 90-89. நாம் அந்த இறுதிப் போட்டிப் பக்கமே போகவில்லை. வீக்கம் என்றால் இவ்வளவு தூரம் வருமா, பெஞ்ச்?

பெஞ்ச்_பிளேயர்:
ஒரு இறுதிப் போட்டியை வைத்து என்னை மாற்ற முடியாது. அடுத்த ஒலிம்பிக்குக்கு ஆண்கள் அணி தகுதி பெறட்டும், அப்போது பேசுவோம். ராணி, வாங் சியூ போட்ட அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவை நான் பார்த்ததில்லை. வீடியோ இருந்தால் போடுங்கள்.