புளோரிடாவில் பூட்டிக் கிடந்த வீட்டில் அந்நியர் குடியேறினால் 2024ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்குமா?

மாலைவெயில் (கேள்வி):
நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். புளோரிடாவில் டாம்பா அருகே எங்களுக்கு ஒரு வீடு உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்த பிறகு, விற்கும் எண்ணத்தில் பூட்டி வைத்திருந்தோம். அதில் முன்பின் அறியாத ஒரு குடும்பம் குடியிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் தெரிவித்தார். நாங்கள் அழைத்ததன் பேரில் சென்ற காவலர், அவர்கள் காட்டிய வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, இது சிவில் விவகாரம் என்று திரும்பிவிட்டார். 2024இல் சட்டம் மாறிவிட்டது என்கிறார்களே, அது எங்களுக்குப் பொருந்துமா? நாமே போய்ப் பூட்டை மாற்றிவிடலாம் என்று என் மைத்துனர் சொல்வதைக் கேட்கலாமா?

கடலோரன்:
மைத்துனரின் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் சட்டம் இரு அவைகளிலும் ஒருமனதாக நிறைவேறி, ஆளுநர் டிசாண்டிஸ் 2024 மார்ச்சில் கையெழுத்திட்டு, ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு, உள்ளே இருப்பவர் ஒரு காகிதத்தை நீட்டினாலே காவல்துறை ஒதுங்கிக்கொள்ளும். உரிமையாளர் நீதிமன்றம் சென்று, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது உரிமையாளரோ அவருடைய அதிகாரம் பெற்ற முகவரோ உறுதிமொழியுடன் கூடிய புகாரை, கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரீஃபிடம் அளித்தால், அவர் உரிமையைச் சரிபார்த்து, உடனடியாக வெளியேறும்படி அறிவிப்பு வழங்கலாம். நீங்கள் பூட்டை மாற்றும்வரை உடன் நிற்கும்படியும் அவரைக் கேட்கலாம். அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு.

ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. உள்ளே இருப்பவர் உங்கள் சம்மதத்துடன் அங்கு வாடகைக்கு இருப்பவராகவோ முன்பு இருந்தவராகவோ இருக்கக் கூடாது; நெருங்கிய குடும்பத்தினராக இருக்கக் கூடாது; வெளியேறும்படி நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும்; அந்த வீடு குறித்து உங்களுக்கும் அவருக்கும் இடையே வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. வாடகை பாக்கி வைத்தவரை வெளியேற்ற இந்தச் சட்டம் உதவாது.

வழிப்போக்கன்:
கடலோரன் சொன்னதோடு, தண்டனைப் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போலி ஒப்பந்தம் காட்டுவது சிறுகுற்றம். அத்துமீறிக் குடியேறியவர் வேண்டுமென்றே 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் சேதம் விளைவித்தால் இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். தனக்கு உரிமையில்லாத வீட்டை வாடகைக்கு விடுவதாக மோசடியாக விளம்பரம் செய்தால் முதல் நிலைப் பெருங்குற்றம். உங்கள் வீட்டில் இருக்கும் குடும்பம், இணைய விளம்பரத்தை நம்பி வேறு யாரிடமோ முன்பணம் கொடுத்து ஏமாந்ததாகவும் இருக்கலாம். அவர்கள் மீது எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் உரிமையாளரின் சம்மதமின்றி எழுதப்பட்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

தவறான புகாரால் வெளியேற்றப்பட்டவர் உங்கள் மீது வழக்குத் தொடுத்து, சந்தை வாடகையைப் போல மூன்று மடங்கு தொகையையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் பெற முடியும். ஆகவே முந்தைய வாடகைதாரருக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா என்று விசாரித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

புளோரிடாவின் வழியை எல்லா மாநிலங்களும் பின்பற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜார்ஜியாவில் அதே ஆண்டு வந்த சட்டம், தமக்குள்ள உரிமையைக் காட்டும் ஆவணங்களைக் கொடுக்கக் குடியேறியவருக்கு மூன்று வேலை நாள் அவகாசம் அளிக்கிறது. நியூயார்க், வாடகைதாரர் என்பதன் வரையறையிலிருந்து ஆக்கிரமிப்பாளரை நீக்கியதோடு நிறுத்திக்கொண்டது.

மாலைவெயில்:
அவர்கள் காட்டிய ஒப்பந்தத்தில் முந்தைய வாடகைதாரரின் பெயர் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்கிறார். ஆனால் ஏழு ஆண்டுகள் இருந்தால் வீடே அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

கடலோரன்:
அது எதிரிடை அனுபவ உரிமை, அதாவது பிறர் சொத்தை நீண்ட காலம் அனுபவித்ததால் கோரும் உரிமை. 2024ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பத்திரம் எதுவும் இல்லாமல் அதைக் கோருபவர் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்திருப்பதோடு சொத்துவரியும் செலுத்தியிருக்க வேண்டும். வரி ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்கின்றன அல்லவா? அவற்றையும் கிரயப் பத்திரத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, அந்த கவுண்டியின் ஷெரீஃப் அலுவலகத்தில் புகார்ப் படிவத்தைக் கேளுங்கள். நேரில் செல்ல முடியாவிட்டால், டாம்பாவில் உள்ள ஒரு வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.