வீட்டு முன் 600 சதுர அடி: ஜென், பாலி, செயற்கைப் புல்... எது நம் வெயிலுக்கு ஆகும்?

தாம்பரம்வாசி
வணக்கம். தாம்பரம் பக்கம் வீடு கட்டி முடித்துவிட்டோம். கிழக்கு பார்த்த வாசல், முன்னால் 600 சதுர அடி காலியாக இருக்கிறது. தோட்டம் அமைத்துத் தருகிறவர்கள் வந்து பார்த்து மூன்று படங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று 'ஜென்': வெள்ளைக் கூழாங்கல், நடுவில் கறுப்புப் பாறை, ஓரத்தில் மூங்கில், ஒரு புத்தர் சிலை. இரண்டாவது 'பாலி': ஃபாக்ஸ்டெயில் பனை, கல் விளக்கு, சின்ன நீரூற்று, பிரம்பு சோபா. மூன்றாவது 'மாடர்ன்': தரை முழுக்கச் செயற்கைப் புல், சுவரில் செங்குத்துத் தோட்டம், இரும்பு நாற்காலி. எதை எடுத்தாலும் அடியில் கான்கிரீட் போட்டுவிடுவார்களாம், களை வராதாம். மனைவிக்கு பாலி பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பூஜைக்குப் பூ வேண்டும், ஆனால் புதர் வைத்தால் பாம்பு வரும் என்று பயம். எனக்குப் பராமரிப்பு குறைவாக இருந்தால் போதும். என்ன சொல்கிறீர்கள்?

கொடிமுல்லை
தம்பி, படத்தை விடுங்கள், முதலில் அந்தக் கான்கிரீட்டைப் பேசுவோம். 600 சதுர அடி என்பது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அப்படியென்றால் உங்கள் வாசலில் மட்டும் வருஷத்துக்கு 78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஆறு லாரிக்கு மேல். அதை மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளிவிட்டு, ஏப்ரலில் லாரிக்கு போன் செய்வதா? 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் எப்படி வறண்டு கிடந்தன என்று எல்லாரும் பார்த்தோம். மழைநீர் சேகரிப்பை 2003லேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கீழே இறக்கிவிட்டு வாசலை மூடினால் பாதி வேலைதான் நடக்கும்.

அப்புறம், மூன்று படத்திலும் அம்மா பறிக்க ஒரு பூ கூட இல்லை. நந்தியாவட்டை, இட்லிப்பூ, கனகாம்பரம், பவழமல்லி வையுங்கள். நான்கும் இந்த வெயிலிலும் மழையிலும் வளர்ந்து பழகியவை. வேர் பிடித்தபிறகு அதிகம் கேட்காது.

வரைபடம்
நான் இதே தொழிலில் இருக்கிறேன். அக்கா சொன்ன மழைக் கணக்கு சரிதான். அதை வைத்து எந்தப் பாணியும் வேண்டாம் என்று முடிவுகட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கான்கிரீட் எந்தப் பாணியிலும் கிடையாது, அது வேலை எடுத்தவருடைய வசதி. கூழாங்கல்லைத் தண்ணீர் இறங்கும் துணி விரித்து மண்மேல் பரப்பினால் மழை அப்படியே உள்ளே போகும். சிமென்ட் தளத்தைவிடக் கூழாங்கல் தரை எவ்வளவோ மேல்.

பாணி என்று ஒன்று ஏன் வேண்டும் என்றால், 600 சதுர அடி சின்ன இடம். ஒரு கல், ஒரு நிறம், நாலைந்து வகைச் செடி என்று கட்டுப்பாடு இருந்தால்தான் கண் நிதானமாக நிற்கும். நர்சரியில் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்று வாங்கி வைத்தால், இரண்டு வருஷத்தில் எந்தச் செடியும் முழுதாகத் தெரியாது. நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான்.

கொடிமுல்லை
துணி விரித்து மண்மேல் போடலாம், சரி. மார்ச் மாதத்தில் வேப்பிலை உதிரும்போது அந்த வெள்ளைக் கல்லிலிருந்து யார் பொறுக்குவது? கல்லுக்கு இடையில் இலை மக்கி ஒரு விரல் மண் சேர்ந்ததும் மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் முளைத்துவிடும். துணியில் வேர் பின்னிக்கொள்ளும், இழுத்தால் துணியே கிழியும். ஐப்பசி மழையில் கல்லின் நிழல் பக்கம் பச்சையாகப் பாசி பிடிக்கும். பராமரிப்பு குறைவு என்று சொல்லி விற்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரைபடம்
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஜப்பானின் கியோட்டோவில் ரியோவான்ஜி கோயிலின் தோட்டம்தான் ஜென் பாணிக்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் உதாரணம். வெள்ளைச் சரளை, 15 பாறைகள், பாறையைச் சுற்றிக் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். அந்தச் சரளையைத் துறவிகள் இழுப்பானால் கோடு இழுத்துப் பராமரிக்கிறார்கள், விழுகிற இலையை எடுக்கிறார்கள். அந்தக் கவனிப்பே அங்கே ஒரு வழிபாடு. அதனால் பராமரிக்க நேரமில்லை என்பவருக்கு ஜென் படத்தை நானும் கொடுக்க மாட்டேன். பாணி மேல் தவறில்லை, ஆளுக்குப் பொருந்தவில்லை.

கொழும்புத்தமிழ்
அந்தப் புத்தர் சிலையைப் பற்றி ஒன்று. இலங்கையில் புத்தர் சிலையை அலங்காரப் பொருளாகத் தரையில் வைப்பது பலரை வருத்தும். வணங்குவதாக இருந்தால் உயரத்தில் ஓர் இடம் கொடுத்து வையுங்கள். கல்லுக்கு நடுவில் அழகுக்காக என்றால் தவிர்த்துவிடுங்கள்.

பாலிப் பாணி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இன்று அந்தப் பெயரில் விற்கிற திறந்த தாழ்வாரம், தாழ்ந்த ஓட்டுக் கூரை, முற்றத்துச் செடி இவற்றில் எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கும் பங்கு இருக்கிறது. 1970களில் பாலித் தீவின் சனூரில் பத்துஜிம்பார் வீடுகளை அவர் வடிவமைத்தார். பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை என்ற பழைய ரப்பர் தோட்டத்தை 1948இல் வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே அரலி மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தான் நினைத்த பக்கம் வளையவைத்தார். நீங்கள் பெருங்கள்ளி என்பீர்களோ, ஆங்கிலத்தில் ஃபிராங்கிபானி, சாமிக்குப் போடும் அந்தப் பூமரத்தைத்தான் சொல்கிறேன். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இருந்த அவருடைய வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நின்றன. உங்கள் மனைவிக்குப் பிடித்த பாணியின் வேரில் காரைக்குடிப் பக்கத்து மரவேலையும் இருக்கிறது. அதனால் பாலி வேண்டாம் என்று சண்டை போடத் தேவையில்லை. விளக்கையும் நீரூற்றையும் விட்டுவிட்டு, தாழ்வாரத்தையும் நிழலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீளமேட்டுக்காரர்
புல்லை ஏன் யாரும் பேசவில்லை? செயற்கை வேண்டாம், அசல் புல்லே போடுங்கள். காலையில் வெறுங்காலில் நடக்க, பேரப்பிள்ளை உருண்டு விளையாட அதற்கு ஈடு கிடையாது. வெளிநாட்டு மோகம் என்று சொல்ல வேண்டாம். உலகம் முழுக்க மைதானங்களில் பெர்முடா புல் என்று போடுவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான், தாவரவியல் பெயர் ஒன்றே. கால் பட்டாலும் தாங்கும், காய்ந்தாலும் ஒரு மழையில் தலைதூக்கும்.

கொடிமுல்லை
ஐயா, அருகு தாங்கும். ஆனால் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று விரிப்பு விரிப்பாகக் கொண்டுவந்து போடுகிறார்களே, அது பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால் கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் கேட்கும். 600 சதுர அடிக்கு 280 லிட்டர். இங்கே இரண்டு பேர் குளித்துத் துவைத்துச் சமாளிக்கிற தண்ணீர் அது. கோவைக்குச் சிறுவாணி இருக்கிறது, தாம்பரத்துக்கு அது இல்லை.

பீளமேட்டுக்காரர்
முழு இடத்துக்கும் போடச் சொல்லவில்லை அம்மா. பத்துக்குப் பத்து போதும். மே மாதம் பழுப்பாகட்டும், என்ன போயிற்று? பன்னிரண்டு மாதமும் பச்சை தெரிய வேண்டும் என்ற ஆசையால்தான் பிளாஸ்டிக்கைப் புல் என்று விரிக்கிறார்கள்.

புதுப்பாக்கம்_ஃபிளாட்
செயற்கைப் புல்லுக்கு ஆதரவாக ஒரு குரல். எங்கள் பால்கனியில் போட்டிருக்கிறோம். குழந்தை விழுந்தால் அடிபடாது, சேறு இல்லை, தண்ணீர் வேண்டாம். மேலே கூரை இருப்பதால் சூடும் இல்லை. எல்லாவற்றையும் திட்டினால் எப்படி?

வரைபடம்
கூரை உள்ள பால்கனிக்கு நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திறந்த வெளிக்குப் போட மாட்டேன். நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், குழந்தை கால் வைக்க முடியாது. வெயில் பட்டுப் பட்டு இழை நொறுங்கிப் பிளாஸ்டிக் தூளாக மண்ணில் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் 2022இல் தன் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லே கூடாது என்று சொல்லிவிட்டது, செல்சி மலர்க் கண்காட்சியும் அதில் அடக்கம். கலிபோர்னியாவில் 2023இல் வந்த சட்டப்படி அங்கங்கே உள்ள நகர நிர்வாகங்கள் வீட்டுத் தோட்டத்தில் அதைத் தடை செய்யலாம்.

செங்குத்துத் தோட்டத்தையும் விட்டுவிடுங்கள். சின்னச் சின்னத் தொட்டி, கைப்பிடி மண், சொட்டுநீர்க் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் இரண்டே நாளில் அந்த வரிசை கருகிவிடும். அந்தச் சுவரில் ஒரு கொடி ஏற்றினால் போதும்.

தாம்பரம்வாசி
நன்றி. மாடர்ன் படம் போய்விட்டது, புத்தரும் போய்விட்டார். பாம்பு விஷயம் மட்டும் அம்மா விட மாட்டேன் என்கிறார். ஃபாக்ஸ்டெயில் பனை வைக்கலாமா? சோபா?

கொடிமுல்லை
பனை வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, உயரமாகப் போய் மேலே ஒரு கொத்து இலை, கீழே நிழல் கிடையாது. நம் மரம் ஒன்று வையுங்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் கவிந்த நிழல், மணக்கும் பூ.

வரைபடம்
எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் கொல்லையில் எது மிஞ்சும்? கொய்யா, பப்பாளி, சப்போட்டா, காகிதப்பூ எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கோயில்களில் இருக்கும் நாகலிங்க மரமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. கொழும்பு நண்பர் சொன்ன பூமரமும் அப்படித்தான். பனை அவர் வாசலில் சுவரோரம் இரண்டு நின்றால் வெயிலையும் மறைக்காது, மண்ணையும் கெடுக்காது. உதிரும் மட்டையை எடுத்துப் போட்டால் போதும்.

கொடிமுல்லை
ஊர்ப் பெயர் கேட்டு நான் சண்டை போடவில்லை. அதை யார் தின்கிறார்கள், யார் கூடு கட்டுகிறார்கள் என்று கேட்கிறேன். ஒரு கறிவேப்பிலைச் செடியை உற்றுப் பாருங்கள். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி வெள்ளையும் பழுப்புமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் நகரும். கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு அது. கொஞ்சம் வளர்ந்ததும் தோல் உரித்து முழுப் பச்சையாகிவிடும், கூட்டுப்புழுவாகி ஒரு நாள் பறந்துவிடும். இவ்வளவும் சமையலுக்கு வைத்த ஒரு செடியில் நடக்கிறது. கொய்யாவில் அணிலும் கிளியும் வரும், அது எங்கிருந்து வந்தாலும் வைக்கச் சொல்வேன். வேலிக்கு என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை ஊர் ஊராக வைத்தார்கள், குஜராத் 2023இல் அதைத் தடை செய்தது. எல்லாரும் வைக்கிறார்கள் என்று வைத்ததன் பலன் அது.

பாம்புக்குச் செடியைக் குறை சொல்லாதீர்கள். எலி, தவளை மாதிரி இரை இருக்கிற இடத்தைத் தேடித்தான் பாம்பு பெரும்பாலும் வரும். மீந்த செங்கல், பலகை, தேங்காய் மட்டைக் குவியல் எதுவும் வாசலில் இருக்கக் கூடாது. வீட்டுச் சுவரையொட்டி மூன்றடி வெறுந்தரை விடுங்கள், புதர்ச்செடிகளின் அடிக்கிளைகளை ஒரு முழ உயரத்துக்குக் கழித்துவிடுங்கள், தரை தெரிய வேண்டும். அம்மா தைரியமாகப் பூப்பறிக்கலாம்.

வரைபடம்
சோபாவுக்கு வருகிறேன். பிரம்பு என்று அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பின்னல். அசல் பிரம்பு மழையில் பூசணம் பிடித்து அவிழ்ந்துவிடும். பிளாஸ்டிக் பின்னலில் மலிவானது கைவைக்கும் இடத்தில் முதலில் வெளிறும், நகத்தால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும், அப்புறம் ஒவ்வொரு இழையாக ஒடியும். உள்ளே இரும்புச் சட்டமா அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். இரும்பு என்றால் பற்றவைத்த இடத்தில் துரு கிளம்பி, மேல்பூச்சு கொப்பளித்துவிடும்.

இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. வாசல் கிழக்கு. மத்தியானத்துக்கு மேல் வீட்டு நிழலே தோட்டத்தில் விழும், மாலையில் உட்கார அருமையான இடம். ஆனால் வடகிழக்குப் பருவமழை காற்றோடு நேராக அந்தப் பக்கம்தான் அடிக்கும். மெத்தை போட்ட எதுவும் ஐப்பசி, கார்த்திகையில் காயவே காயாது. அதனால் கருங்கல் பலகையில் ஒரு பெஞ்சு, வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு திண்ணை. கடப்பா கல் விலை குறைவு, ஆனால் கறுப்பு, காலை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சுவரோரம் நிழலில் போடுங்கள். மனைவி கேட்கும் பாலிச் சாயலுக்குத் தாழ்வாரத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல். தொட்டிகள் மானாமதுரை மண்ணில் எடுங்கள், தண்ணீர் சீக்கிரம் காயும், அதைத் தெரிந்துகொண்டு ஊற்றினால் வேருக்கு நல்லது.

கொழும்புத்தமிழ்
ஊஞ்சலுக்கு என் வாக்கும் உண்டு. நீர்த்தொட்டி வைப்பதானால் அல்லி போட்டு நாலு கப்பி மீன் விடுங்கள், கொசுப் புழுவைத் தின்றுவிடும். நீரூற்று மோட்டார் நின்ற பிறகு அந்தத் தொட்டியில் தேங்குகிற தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்கு இடம்.

தாம்பரம்வாசி
மனைவியும் அம்மாவும் உட்கார்ந்து முழுத் திரியையும் வாசித்தார்கள். கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், விலைப்பட்டியலில் பெரிய தொகை குறைந்தது. தாழ்வாரம், ஊஞ்சல், கருங்கல் பெஞ்சு, பத்துக்குப் பத்து அருகு, மீதி பூச்செடி. பனையா மகிழமா என்பது இன்னும் வீட்டில் முடிவாகவில்லை. இன்னொரு சந்தேகம்: குழி தோண்டினால் நான்கடியில் கெட்டியாக வருகிறது. தண்ணீர் இறங்குமா?

வரைபடம்
பல்லாவரம், தாம்பரம் பக்கம் பாறை மேலாகவே இருக்கும் இடங்கள் உண்டு. செடி நடுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மறுநாளும் நின்றால் உறிஞ்சுகுழி மட்டும் போதாது, பாறை வெடிப்பு இருக்கிற ஆழம் வரை துளை போட்டு மழைநீரை இறக்க வேண்டும். அந்த வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும். பனை இரண்டு வையுங்கள் என்பதில் நான் மாறவில்லை.

கொடிமுல்லை
நான் மகிழத்திலிருந்து மாறவில்லை. வடகிழக்கு மூலையில், மதிலிலிருந்து எட்டடி தள்ளி நடுங்கள். நர்சரியில் ஆளுயரக் கன்றைக் காட்டினால் மயங்க வேண்டாம், பையில் வேர் சுருண்டிருக்கும். இரண்டடிக் கன்று போதும், பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.