லிடர் ஆற்று டிரவுட்: விடுவதா, வறுப்பதா?

தூண்டில்தாசன்:
ஏப்ரலில் காஷ்மீரில் டிரவுட் மீன்பிடிப் பருவம் திறந்ததும் பஹல்காம் போகிறேன். லிடர் ஆற்றில் ஒரு பகுதிக்கு மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பனி வேகமாக உருகத் தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும் என்பதால்தான் இந்த அவசரம். பிடிக்கும் மீனையெல்லாம் திரும்ப விட்டுவிடுவேன். ஆற்றுக்கு அதுதானே மரியாதை?

கயல்:
எந்த ஆற்றுக்கு, அண்ணா? பழுப்பு டிரவுட் 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்த மீன். அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பியவை பிழைக்கவில்லை. பிழைக்காமலே போயிருக்கலாம்! உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது, வானவில் டிரவுட்டும் இருக்கிறது.

அங்கேயே பிறந்து வளர்ந்தது கெண்டைக் குடும்பத்து சைசோதொராக்ஸ். அது முட்டையிடுவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்; அதாவது நீங்கள் முழங்கால் தண்ணீரில் சரளையை மிதித்துக்கொண்டு நிற்கும் நாட்களில். ஆற்றை மூடி வைப்பதோ அக்டோபரிலிருந்து, டிரவுட் முட்டையிடும் காலத்துக்காக. விருந்தாளிக்குப் பாய், வீட்டுக்காரனுக்கு வெறுந்தரை. பிடித்ததை வறுத்துத் தின்றுவிடுங்கள்.

மலைநாடன்:
வரலாறு சரி, தீர்ப்புதான் இடிக்கிறது. துறையே பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடும்போது, இவர் நான்கு மீனை வறுத்தால் என்ன குறைந்துவிடும்? தூண்டில்காரர்களை நம்பி வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் பிழைக்கிறார்கள். படுகையில் மணலும் சரளையும் அள்ளுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. உங்கள் சைசோதொராக்ஸ் முட்டையிடுவது அந்தச் சரளையில்தான்.

கயல்:
அதையும் கேட்போம், இதையும் கேட்போம். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றைக் காட்டுவது பதிலாகாது. கோகர்நாக் பண்ணையில் டிரவுட் வளர்த்து விற்கட்டும், பிழைப்பு கெடாது. மேல்மலை ஓடைகளில் புதிதாகக் குஞ்சு விடுவதை நிறுத்தலாம் அல்லவா?

தூண்டில்தாசன்:
சரி, சீட்டு அனுமதிக்கும் அளவுக்கு வைத்துக்கொள்கிறேன். மீதியை விட்டுத்தானே ஆக வேண்டும்?

மலைநாடன்:
விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும். எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்) இல்லாத கொக்கி போடுங்கள். மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படமெடுக்காதீர்கள்.

கயல்:
இந்த உபசாரத்தையெல்லாம், தப்பித் தவறி சைசோதொராக்ஸ் மாட்டினால் அதற்குச் செய்யுங்கள்.