கண்ணைப் பார்த்தால்தான் கேட்கிறான் என்று அர்த்தமா?

தாம்பரம் அம்மா:
என் மகன் மூன்றாம் வகுப்பு. அவன் வகுப்பில் ‘கவனித்துக் கேட்பது எப்படி’ என்று ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். கண் டீச்சர் மேல், கை மடியில், கால் தரையில், வாய் மூடி. போன வாரம் பெற்றோர் கூட்டத்தில், “முகத்தையே பார்க்க மாட்டேங்கிறான், கவனமே இல்லை” என்றார்கள். அன்று ராத்திரி அவனுக்கு நரிக்கதை சொன்னேன். நோட்டு ஓரத்தில் சுழி சுழியாகக் கிறுக்கிக்கொண்டே இருந்தான். பாதியில் நிறுத்தினேன். தலையே நிமிரவில்லை. “முதல்ல மூணு குட்டின்னே, இப்ப ரெண்டுங்கறே” என்றான். இவனா கேட்காத பிள்ளை?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
மேடம், நான் வேறு பள்ளியில் வேலை பார்க்கிறேன், என் வகுப்பிலும் இதே மாதிரி சார்ட் இருக்கிறது. எனக்கு 38 பிள்ளைகள். ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது, முகம்தான் எனக்கு அடையாளம். இன்னொன்று. என் வகுப்பில் ஒரு பெண் தன் பாட்டி இறந்ததை எழுந்து சொல்ல ஆரம்பித்தாள். முன் பெஞ்சில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு ரப்பரைப் பிடுங்கி விளையாடினார்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள், அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் காது கேட்டிருக்கும், ஆனால் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லையே.

சேலத்துக்காரர்:
டீச்சர் பக்கம்தான் நான். எங்கள் வீட்டில் பெரியவர் பேசும்போது நிமிர்ந்து பார்த்தால் “என்ன முறைக்கிறே?” என்பார்கள். அப்படி வளர்ந்துவிட்டு இன்டர்வியூவில் மேஜையைப் பார்த்துப் பதில் சொன்னேன். மூன்று வேலை போனது. யாராவது பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர்:
சார், அந்த 93 தப்பாகப் பரவிவிட்ட கணக்கு. 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. முகமும் குரலும் ஒன்றைச் சொல்ல, வார்த்தை வேறொன்றைச் சொன்னால், பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. மொத்தப் பேச்சுக்கும் அது பொருந்தாது.

கண் விஷயத்துக்கு வருகிறேன். கடினமான கேள்வி கேட்டால் பிள்ளைகள் பார்வையை விலக்குவார்கள், யோசிப்பதற்காக. பிரிட்டனில் டோஹெர்ட்டி-ஸ்னெடன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஐந்து வயதுப் பிள்ளைகளை, யோசிக்கும்போது பார்வையை விலக்கப் பழக்கினார்கள். சரியான பதில்கள் கூடின. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு நேருக்கு நேர் பார்ப்பதே வேதனை. ‘கண்ணைப் பார்’ என்றால் பார்ப்பதிலேயே அவர்கள் தெம்பெல்லாம் போய்விடும், பாடம் ஏறாது. அப்புறம், அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லையா, முதலில் காதைக் காட்டுங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும்.

தாம்பரம் அம்மா:
திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது, 71-க்கும் 110-க்கும். இரண்டிலுமே எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பதுதான் பேச்சு. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோ தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது. டீச்சர், அந்த ரப்பர் பையன்களுக்கு அவள் முகம் வாடியது தெரிந்திருந்தால் போதுமே. கை மடியில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
அது நியாயம். நாளைக்கு ஒருத்தர் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்படி வைத்துப் பார்க்கிறேன். ‘கண் டீச்சர் மேல்’ என்ற வரியையும் எடுத்துவிடலாம். என்னைப் பார்க்காமல் கேட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கூடப் படிக்கிற பிள்ளை எழுந்து பேசும்போது எல்லோரும் அவள் பக்கம் திரும்பித்தான் உட்கார வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாதவன் அவள் கையைப் பார்க்கட்டும், தரையைப் பார்க்கட்டும். முதுகு காட்ட மட்டும் விடமாட்டேன்.