தனியார் பள்ளிப் பிள்ளைக்கு பப்ளிக் ஸ்கூல் நீச்சல் டீமில் இடம் கேட்கலாமா? (ஒஹாயோ, அமெரிக்கா)

செந்தில், கொலம்பஸ்:
என் மகள் படிக்கிற சின்ன பிரைவேட் ஹைஸ்கூலில் நீச்சல் டீம் கிடையாது. தன் பள்ளியில் இல்லாத விளையாட்டு, இசைக்குழு எதுவானாலும், வீடு இருக்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் பப்ளிக் ஸ்கூலில், அதாவது அரசுப் பள்ளியில், சேர்ந்துக்கலாம்னு இங்கே 2013-லேயே சட்டம் வந்தாச்சு. சேர்க்கப் போறேன்னு சொன்னா நம்ம ஆட்களே முகம் சுளிக்கிறாங்க. நான் கட்டுற சொத்து வரியில் பெரும்பங்கு அந்தப் பள்ளிக்குத்தானே போகுது?

மலர்விழி:
பிள்ளையே இல்லாதவங்களும் அதே வரியைக் கட்டுறாங்க, செந்தில் அண்ணா. ஊர்ப் பள்ளி நடக்கணும்னு எல்லாரும் சேர்ந்து போடுற பணம் அது, உங்க பேரில் போட்ட டெபாசிட் இல்லை. 2023-இல், பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு மாநில அரசு பணம் தர்ற எட்சாய்ஸ் வவுச்சரை எல்லா வருமானக்காரங்களுக்கும் திறந்துவிட்டாங்க. வவுச்சரில் பிரைவேட் படிப்பு, நீச்சலுக்கு மட்டும் பப்ளிக் ஸ்கூலா?

செந்தில், கொலம்பஸ்:
நான் வவுச்சர் வாங்கலைம்மா.

கார்த்தி:
பணத்தை விடுங்க. ரிலேவில் நாலு பேர்தான் நீந்த முடியும். மூணு வருஷமா விடியறதுக்கு முன்னாடி பயிற்சிக்குப் போன அந்தப் பள்ளிப் பிள்ளை, கடைசி வருஷத்தில் அஞ்சாவது ஆளா உட்காரணும். அவ கிட்ட யார் போய்ச் சொல்றது? கோச் வேகமான பிள்ளையைத்தான் எடுப்பார், அவரையும் குறை சொல்ல முடியாது.

நசீமா:
எல்லாத்துக்கும் ரிலே கணக்கைப் போடாதீங்க தம்பி. எங்க ஊர் மார்ச்சிங் பேண்டில் யாரையும் கழிச்சுக்கட்டுறதில்லை, டூபா வாசிக்க ஆள் கிடைச்சாலே கொண்டாட்டம். வெளியிலிருந்து நாலு பிள்ளைங்க வந்தா அந்தக் குழு பிழைக்கும். ஆர்க்கெஸ்ட்ரா, நாடகம், ரோபோ கிளப் எல்லாத்துக்கும் கதவைத் திறந்து வைக்கலாம். டிரையவுட் வைச்சு ஆளைக் குறைக்கிற டீம்களுக்கு மட்டும் தனி விதி போடுங்க.

மலர்விழி:
அதை ஒத்துக்கறேன் அக்கா. ஆனா மார்க்? விளையாடணும்னா முந்தின பருவத்தில் அஞ்சு கிரெடிட் பாஸ் பண்ணியிருக்கணும்னு மாநில விளையாட்டுச் சங்கம் கேட்குது. பப்ளிக் ஸ்கூல் பிள்ளைக்கு மார்க் போடுறது அந்தப் பள்ளி. வெளியிலிருந்து வர்ற பிள்ளைக்கு அதோட பிரைவேட் ஸ்கூலே போட்டு அனுப்புது. கணக்கில் ஃபெயிலாகி ஒரு சீசன் முழுக்க கேலரியில் உட்கார்ந்த பையனுக்கு இது எப்படி இருக்கும்?

செந்தில், கொலம்பஸ்:
தகுதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சட்டமே சொல்லுது. எந்தப் பள்ளியும் விளையாட்டுக்காகப் பொய் மார்க் போடும்னு முன்கூட்டியே சந்தேகப்படறது நியாயமில்லை.

கார்த்தி:
மத்த பிள்ளைங்க கட்டுறதைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது. கோச் சம்பளம், குளத்துப் பராமரிப்பு எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள்ளே அடங்காது. மீதி லெவியிலிருந்துதான், அதாவது ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு ஒத்துக்கிற பள்ளி வரியிலிருந்துதான், வரணும்.

நசீமா:
சொத்து வரியை இவ்வளவு நம்பி பள்ளி நடத்துறது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதுன்னு ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997-லேயே டெரோல்ஃப் வழக்கில் சொல்லிடுச்சு. இன்னமும் லெவிக்கு ஓட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

செந்தில், கொலம்பஸ்:
நவம்பரில் சீசன் தொடங்குது. நான் சேர்க்கத்தான் போறேன்.

மலர்விழி:
சேருங்க அண்ணா, சட்டம் உங்க பக்கம். லெவி தோத்தா முதலில் வெட்டு விழறது டீமுக்கும் பேண்டுக்கும் பஸ்ஸுக்கும்தான். பிரைவேட்டில் பிள்ளையைப் படிக்க வைக்கிற நம்ம ஆட்கள் பல பேர் லெவிக்கு எதிரா ஓட்டுப் போடுறதை நேரில் கேட்டிருக்கேன். அடுத்த லெவிக்கு நீங்க ஆதரவா ஓட்டுப் போடுவீங்களா, அதைச் சொல்லுங்க.