குழந்தையைப் பார்க்க யார் போவது?

சரசு பெரியம்மா: செந்திலின் குழந்தை பிறக்கும்போதே போதைக்கு அடிமையாம். கை கால் நடுங்குகிறதாம். உண்மையா?

மணி மாமா: யார் சொன்னது?

வசந்தி சித்தி: அக்கா, ரேவதியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

சரசு பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபால் சித்தப்பா: குழந்தை யார் ஜாடை?

செந்தில்: மறைக்க ஒன்றும் இல்லை. விபத்துக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையை ரேவதியால் விட முடியவில்லை. இப்போது மருத்துவர் சொல்லித்தான் அதற்கு மாற்று மருந்தான மெத்தடோன் எடுக்கிறாள்.

உமா: பெரியம்மா, அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததும் நின்றுவிட்டது. அதனால்தான் நடுக்கம், கீச்சென்ற அழுகை, பால் குடிக்கத் திணறல் எல்லாம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தெரியவரும். சிகிச்சை இருக்கிறது, குணமாகிவிடும்.

சரசு பெரியம்மா: வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததுமே நிறுத்தியிருக்கலாமே?

உமா: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடும் அபாயம் அதிகம். அளவு மீறினால் தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன் அல்லது அதேபோல மாற்று மருந்தான பியூபிரெனார்ஃபின் கொடுத்துச் சிகிச்சையைத் தொடர்கிறார்கள். அண்ணி சரியானதைத்தான் செய்திருக்கிறார்.

வசந்தி சித்தி: தாய்ப்பால்?

உமா: கொடுக்கலாம். சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாயைக் கொடுக்கத்தான் சொல்வார்கள். பாலில் போகும் மருந்து மிகக் குறைவு.

மணி மாமா: எத்தனை நாள் மருத்துவமனையில்?

உமா: அது குழந்தையைப் பொறுத்தது மாமா. முன்பெல்லாம் நடுக்கம், தும்மல், அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு மார்ஃபின் கொடுப்பார்கள். 2023-இல் அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தூக்கினால் சமாதானமாகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வர ஆன காலம் சராசரி 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 சதவீதத்திலிருந்து 19.5 ஆகக் குறைந்தார்கள். மங்கலான விளக்கு, சத்தமில்லாத அறை, தூக்கி வைத்துக்கொள்ள ஆள், இவைதான் முதலில் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், யார் யார் வருகிறீர்கள்?

கோபால் சித்தப்பா: வெள்ளிக்கிழமை நான்.

உமா: சிகரெட் பிடித்த சட்டையோடு வேண்டாம் சித்தப்பா.

கோபால் சித்தப்பா: நம் வீட்டில் யார்தான் பிடிக்கவில்லை? பிள்ளைகள் வளரவில்லையா?

வசந்தி சித்தி: உங்கள் புகைக்கு நடுவில்தான் இரண்டையும் சுமந்தேன். சின்னவன் எவ்வளவு எடையில் பிறந்தான் என்று நினைவிருக்கிறதா?

கோபால் சித்தப்பா: அதை ஏன் இங்கே?

உமா: கர்ப்பிணி சுவாசிக்கும் புகை குழந்தையின் எடையைக் குறைக்கும். பிறந்த பிறகும் புகைச் சூழல் இருந்தால் தூக்கத்தில் திடீரென இறக்கும் அபாயம் கூடும்.

மணி மாமா: வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு இருக்கிறது கோபால். மறுபடி தள்ளிப்போடாதே.

கோபால் சித்தப்பா: அதைத் தனியாகப் பேசுவோம்.

சரசு பெரியம்மா: என் மகன் கல்யாணத்துக்குக்கூட ரேவதி வரவில்லை.

செந்தில்: அப்போது சிகிச்சையில் சேர்ந்த புதிது, பெரியம்மா. உங்களிடம் சொல்லப் பயந்தாள்.

உமா: இந்தப் பயத்தால்தான் பல பெண்கள் பரிசோதனைக்கே போவதில்லை. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

ரேவதி: பகலில் இவர் இருக்கிறார். இரவில்தான் ஆள் வேண்டும்.

சரசு பெரியம்மா: இரவு நான் வருகிறேன். எத்தனை பேரை உள்ளே விடுவார்கள்?

உமா: கேட்டுச் சொல்கிறேன்.

மணி மாமா: வியாழக்கிழமை யார்?

வசந்தி சித்தி: சனிக்கிழமை என்றால் நான் வருவேன்.

மணி மாமா: வியாழன்?