பொருள்: மறு: மறு: ஆங்லர்ஃபிஷ், மெரைன் ஸ்னோ – வெள்ளிக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் ‘ஜூ டைகூன் 2’ விளையாட்டுக்குச் சொந்தமாக விலங்குகள் செய்துகொண்டிருக்கிறார்கள். 2004இல் வந்த, மிருகக்காட்சிசாலை கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. எங்களிடம் இருக்கும் பழைய கணினிகளில் திக்காமல் ஓடுவது அதுதான். அதற்குக் கூடுதலாக 2006இல் வந்த ‘மெரைன் மேனியா’ தொகுப்பையும் ஏற்றியிருப்பதால் கடல்நீர்த் தொட்டி கட்டலாம். விலங்குகளின் விவரம் இருக்கும் இதன் இசட்2எஃப் கோப்பு வேறொன்றுமில்லை, பெயர் மாற்றிய ஜிப் (சுருக்கிக் கட்டிய கோப்பு)தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல், அதாவது படித்துத் திருத்தக்கூடிய எழுத்துக் கோப்பு. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பனிக்கரடியும் பேரரசப் பென்குயினும் விளையாட்டிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் செய்வது சிறுத்தைச் சீல், அண்டார்க்டிக் ஐஸ்ஃபிஷ், ஆங்லர்ஃபிஷ், வேம்பயர் ஸ்க்விட், ராட்சத ஐசோபாட் (ஆழ்கடலில் வாழும் ஓட்டு உயிரி). ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு விவர அட்டை. சனிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போயாக வேண்டும்.

அவசரமாகத் தமிழ்ச் சொல் வேண்டியவை: ஆங்லர்ஃபிஷ் (தலைமேல் ஒளிரும் கோலைக் காட்டி இரை பிடிக்கும் ஆழ்கடல் மீன்), மெரைன் ஸ்னோ (மேல்நீரிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் வெள்ளைத் துணுக்குகள்). முடிந்தால் ‘மோட்’ (விளையாட்டில் நாமே செய்து சேர்ப்பது).

வண்ணை ஆசிரியர் எழுதியது:

அன்புடையீர்,

ஆங்லர் என்பவர் தூண்டில் போடுபவர். ஆகவே தூண்டில் மீன். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதுபோல் இதைத் தூண்டின்மீன் என்று எழுதுவதே முறை. மெரைன் ஸ்னோ கடற்பனி. மோட், திருத்தம். இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

விசைப்படகு (ராயபுரம்) எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஏலத்தில் தூண்டில் மீன் என்றால் தூண்டிலில் பிடித்த மீன். வலையில் நசுங்காமல் வருவதால் விலை கூட. வஞ்சிரமும் தூண்டில் மீனாக வரும், பாறையும் வரும். இந்தப் பெயரோடு அட்டை மாட்டினால் சனிக்கிழமை வருகிற அம்மாக்கள் கிலோ என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.

தூண்டின்மீன் என்று போட்டால் அச்சுப்பிழை என்பார்கள். அது உங்கள் பாடு.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

> வலையில் நசுங்காமல் வருவதால் விலை கூட

தம்பி, ‘தூண்டிலால் பிடித்த மீன்’ என விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘தூண்டிலை உடைய மீன்’ என விரித்தால் இரண்டாம் வேற்றுமை. ஒரே தொடர் இரண்டுக்கும் இடம் தரும். பொற்குடம் என்றால் பொன்னால் ஆன குடம். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரால் ஆன குடம் என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழில் புதிதா என்ன?

விசைப்படகு (ராயபுரம்) எழுதியது:

இடம் நோக்கித்தான் சொல்கிறேன் ஐயா. இடம் காசிமேடு.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மீனின் தலைக்கு மேல் விளக்கு தொங்குவதுதானே பார்த்ததும் தெரிவது? விளக்குமீன் என்று வைத்துவிடலாம். தூண்டில் கட்டாயம் வேண்டுமென்றால் தூண்டிலான். ‘மோட்’டை மோட் என்றே விடுங்கள். செருகல், ஒட்டு, சேர்ப்பு என்று எதைப் போட்டாலும் அந்தப் பிள்ளைகள் வாயில் மோட்தான் வரும்.

திருவொற்றியூர் விலங்கியல் எழுதியது:

விளக்குமீன் வேண்டாம். லாந்தர் ஃபிஷ் என்று ஆழ்கடலில் வேறொரு குடும்பமே இருக்கிறது, நியாயமாக அந்தப் பெயர் அதற்குத்தான் போக வேண்டும். நம் மீனுக்கு முதுகுத்துடுப்பின் முதல் முள் நீண்டு கோலாகியிருக்கிறது. அதன் நுனியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒளி விடுகின்றன. கோல் உண்டு, இரையைக் காட்டி வரவழைப்பதும் உண்டு. ஆகவே தூண்டிலை விடக்கூடாது என்பதில் நான் ஆசிரியர் ஐயா பக்கம்.

ஆனால் தூண்டிலான் சரிப்படாது. ஆழ்கடல் வகைகளில் தூண்டில் இருப்பது பெண்ணுக்கு மட்டும். ஆண் மிகச் சிறியது. சில இனங்களில் ஆண் பெண்ணைக் கடித்துப் பிடித்து, அப்படியே அவள் உடம்போடு ஒட்டி, இரத்த ஓட்டமும் ஒன்றாகிவிடும். ஆன் விகுதி போட்டால் இருக்கிற ஒரே உறுப்பையும் ஆணுக்குத் தூக்கிக் கொடுத்ததாக ஆகும்.

என் யோசனை: தூண்டிலி. நான்கு கால் உடையது நாற்காலி என்றால் தூண்டில் உடையது தூண்டிலி.

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

நன்றி மேடம். விளையாட்டில் ஆண், பெண், குட்டி என்று தனித்தனி உருவம் வைக்க வேண்டியிருக்கிறது. ஆணை ஒரு சின்ன மீனாக விட்டால் தொட்டியில் கண்ணுக்கே தெரியவில்லை என்று பையன்கள் அதைப் பெண்ணுக்குச் சமமாக ஊதி வைத்திருந்தார்கள், விளக்கோடு. இப்போது மாற்றச் சொல்கிறேன்.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

இகர விகுதிக்குத் தடையில்லை. ஆனால் காதில் ‘இலி’ விழுகிறதே, கவனித்தீர்களா? ஏதிலி, உறவிலி என்பவை போலத் தூண்டில் இல்லாதது என்றும் கொள்ள இடமுண்டு.

திருவொற்றியூர் விலங்கியல் எழுதியது:

இல்லாதது தூண்டிலிலி அல்லவா ஐயா? அதை ஆணுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

அருமை. தூண்டிலி, தூண்டிலிலி. ஏற்கிறேன். ஆனாலும் என் முதல் விருப்பம் தூண்டின்மீன் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

அடுத்த சிக்கல் கடற்பனி. உறைந்த கடலுக்கும் அதே சொல் வந்துவிட்டது. பனிக்கரடி அட்டையில் ‘கடற்பனிமேல் காத்திருந்து, மூச்சு விட மேலே வரும் சீலைப் பிடிக்கும்’ என்று எழுதியிருந்தோம். வேம்பயர் ஸ்க்விட் அட்டையில் ‘மேலிருந்து விழும் கடற்பனியைத் தின்னும்’ என்று வந்தது. எழுத்து பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “இதுக்கு அதுதான் தரை, அதுக்கு இதுதான் சோறா?”

வண்ணை ஆசிரியர் எழுதியது:

பனி பெரிய சொல், அதனால்தான் இத்தனை இடையூறு. பனித்தல் என்றால் நடுங்குதல். நடுங்க வைப்பதெல்லாம் பனி. முன்பனி, பின்பனி என்னும்போது புல்லில் நிற்கும் நீர். புறநானூற்று ஆறாம் பாட்டில் ‘பனிபடு நெடுவரை’ என்னும்போது இமயத்தின் உறைபனி. கண்ணில் நிறையும் நீரும் பனிதான். அப்படிப் பார்த்தால் பனிக்கரடி என்பதே பொருந்தாது. அந்தத் தோலடிக் கொழுப்போடு அது எங்கே நடுங்குகிறது? துருவக்கரடி என்றால் துருவம் வடசொல். வெண்கரடி என்று...

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, கரடியை விடுங்கள், அதற்குப் பெயர் இருக்கிறது. உறைந்த கடலைக் கடல் ஐஸ் என்று எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் போட்டு வைக்கத்தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். பிறகு 1897இல் விவேகானந்தர் வந்து தங்கி, அது விவேகானந்தர் இல்லம் ஆகியும், அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பேர் போகவில்லை. காசிமேட்டில் ஐஸ் இல்லாமல் ஒரு படகு கிளம்புமா? நம் ஊரில் வேர் விட்ட சொல் அது.

விசைப்படகு (ராயபுரம்) எழுதியது:

கிளம்பாது. ஆழ்கடலுக்குப் போகிற படகு டீசலுக்கு அடுத்து ஏற்றுவது ஐஸ்தான். பனிக்கட்டி ஏற்றினோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

ஏற்றுவதை ஏற்றுங்கள், எழுதுவதை ஏன் கெடுக்கிறீர்கள்? சரி, ஸ்னோவுக்குப் பனியை விட்டுவிடுவோம். சங்கப் பாட்டில் துவலை என்ற சொல் உண்டு. தூவும் நுண்துளி. ஆகவே கடலும் துவலையும் சேர்ந்து கடற்றுவலை.

விசைப்படகு (ராயபுரம்) எழுதியது:

இது என்ன வலை ஐயா? கண்ணி எவ்வளவு?

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எனக்குத் துவையல் என்று படிந்தது. தின்னும் பொருள்தானே, பொருத்தம்தான்.

திருவொற்றியூர் விலங்கியல் எழுதியது:

சிரித்து முடித்துவிட்டேன். அது என்ன பொருள் என்று பார்த்தால் சொல் தானே வரும். மேல்நீரில் செத்த மிதவை உயிரிகள், விலங்குகளின் கழிவு, சளி போன்ற பிசின் எல்லாம் ஒட்டி வெள்ளைத் துணுக்குகளாக இறங்குகின்றன. சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் பயிர் எதுவும் விளையாது. பல உயிர்களுக்கு இதுதான் சாப்பாடு. அடியைத் தொட வாரக்கணக்கில் ஆகும். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம் வங்காள விரிகுடாவிலும் இது விழுகிறது. உதிர்கிறது என்பதுதான் முக்கியம். கடல் உதிரல்?

வேம்பயர் ஸ்க்விட்டை, ஸ்க்விட்டுக்கு நாம் சொல்லும் கடம்பா என்று எழுதிவிடாதீர்கள். பெயரில்தான் ஸ்க்விட். கடம்பாவும் இல்லை, பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) இல்லை, தனி வரிசை. வேம்பயர் என்றால் இரத்தம் குடிக்கும் பேய், ஆனால் இது இரத்தமும் குடிக்காது.

எண்ணூர் எழுதியது:

வாசிப்பதோடு சரி, நான் எழுதுவதில்லை. இதற்கு மட்டும். எங்கள் பக்கம் மாடியில் துணி காயப்போட்டால் அனல்மின் நிலையச் சாம்பல் விழும். வீட்டில் ‘உதிருது’ என்றுதான் சொல்வோம். உதிரல் எங்களுக்கு விளக்கம் இல்லாமல் புரியும்.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

உதிரம் என்றால் இரத்தம். இரத்தம் குடிக்காத உயிரியின் அட்டையில் உதிரல் என்று எழுதி வேம்பயர் என்று தலைப்பும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

திருவொற்றியூர் விலங்கியல் எழுதியது:

உதிரம் வடமொழியில் ருதிரம் ஐயா. உதிர் தமிழ் வினை. நீங்களே இதைச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டாம் முறை அழைத்துவிட்டார்கள். இப்படி அனுப்பியிருக்கிறேன்: பெண் தூண்டிலி, ஆண் தூண்டிலிலி. உறைந்த கடலுக்குக் கடல் ஐஸ். மெரைன் ஸ்னோவுக்குக் கடல் உதிரல். மோட் மோட்டாகவே போகிறது. ஐஸ்ஃபிஷ் அட்டையில் ‘இதன் இரத்தத்தில் சிவப்பு நிறமி இல்லை, நிறமற்றது’ என்று போட்டோம். தலைப்பு ஐஸ் மீன்.

அண்ணே, அதுவும் ஐஸ் வைத்த மீன் என்று ஆகுமோ?

விசைப்படகு (ராயபுரம்) எழுதியது:

ஆகும். இப்போது சொல்லி என்ன பயன்.

வண்ணை ஆசிரியர் எழுதியது:

அச்சானது அச்சாகட்டும். கடல் ஐஸுக்கு என் உடன்பாடு இல்லை. கடற்றுவலையை நான் திரும்பப் பெறவும் இல்லை. கடல் உதிரல் என்று பிரித்து எழுதுவது பிழை, கடலுதிரல் எனச் சேர்க்க வேண்டும். ராட்சத ஐசோபாட்டுக்கு யாரும் சொல்லே கேட்கவில்லை, அந்த அட்டையில் என்ன போட்டீர்கள்?

காசிமேடு மாலைவகுப்பு எழுதியது:

படம் மட்டும் போட்டிருக்கிறோம் ஐயா.